கவ்வாத்து வெட்டிய மலையும் நம் பிள்ளைகளின் மனசும்

(மாதர் பிரிவுக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் தோட்டப் பாடசாலையொன்றில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)



ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஓய்வு நாள் இல்லை என்று எனக்குத் தெரியும். துணி துவைக்க வேண்டும், விறகு தேட வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் லயத்தில் பிறந்தவள்தான். என் அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். பிறகு தோட்டப் பாடசாலையிலேயே ஆசிரியையாகி, பல வருஷம் பிள்ளைகளின் குறை கேட்கும் வேலையையும் பார்த்தேன். இன்று நான் பேசப்போவது உங்கள் வீட்டில் இருக்கும் 12, 13 வயது முதல் 19 வயது வரையான பிள்ளைகளைப் பற்றி.

அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் என்னிடம் வந்து சொன்ன வார்த்தைகள் இன்னும் காதில் இருக்கின்றன. "டீச்சர், முன்னமாதிரி இல்ல. கேட்டா எரிஞ்சி விழுறான்." "மூஞ்சைத் தூக்கி வச்சிக்கிட்டே இருக்கா." "போன்ல விழுந்தா எழும்புறதே இல்ல." "நல்லா இருந்த புள்ள டீச்சர், யார் கண்ணு பட்டுச்சோ." கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுவோம்: திமிர்.

இந்தத் திமிர் என்ற வார்த்தையைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமைத் தலைவலி

பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். பெயரும் தோட்டமும் வேண்டாம். நன்றாகப் படித்தவள். ஒரு தவணையில் வாரத்துக்கு ஒரு நாளாவது தலைவலி என்று என் மேசைக்கு வந்து நிற்பாள். தண்ணீர் குடிக்கச் சொல்வேன், நெற்றியில் சித்தாலேப தடவிவிடுவேன், கொஞ்ச நேரம் படுக்க வைத்து வகுப்புக்கு அனுப்பிவிடுவேன். ஒரு தடவை, "கணக்குப் பாடம் வந்தாத்தான் உனக்குத் தலைவலி வருமா?" என்று கேலியாகவும் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் வரவில்லை. வரவு இடாப்பைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. லயத்துக்குப் போனேன். வாசலில் தம்பிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ராத்திரி எத்தனை மணிக்கும்மா தூங்குற?"

"சரியாத் தெரியல டீச்சர். அப்பா வர்ற வரைக்கும் முழிச்சிருப்பேன்."

"ஏம்மா முழிச்சிருக்க?"

"குடிச்சிட்டு வந்தா தம்பியை எழுப்பி அடிப்பாரு டீச்சர். நான் முழிச்சிருந்து சோறு போட்டுட்டா, அவனை எழுப்ப மாட்டாரு."

அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம். பதினைந்து வயதுப் பிள்ளை அந்த வீட்டுக்கு அம்மாவாகவும் காவல்காரியாகவும் இருந்திருக்கிறாள். அவளிடம் அதைச் சொல்ல இருந்த ஒரே சொல் தலைவலி. நான் அந்தத் தலைவலிக்குத் தைலம் தடவி அனுப்பியிருக்கிறேன்.

தாய்மார்களே, பெரியவர்களுக்கு மனசு சரியில்லை என்றால் "மனசு சரியில்ல, இன்னைக்கு மலைக்குப் போகல" என்று சொல்லத் தெரியும். பிள்ளை அதே வார்த்தையைச் சொன்னால், "இந்த வயசுல உனக்கு என்ன மனசு?" என்று கேட்டுவிடுகிறோம். அதனால் பிள்ளையின் மனசு வேறு வழியில் பேசுகிறது. தலைவலியாக, வயிற்று வலியாக, சாப்பாட்டை ஒதுக்குவதாக, எரிந்து விழுவதாக, அறவே பேசாமல் இருப்பதாக வெளியே வருகிறது.

இந்த வயதில் உள்ளே என்ன நடக்கிறது?

கவ்வாத்து உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சில வருஷத்துக்கு ஒரு தடவை மலையைக் கவ்வாத்து வெட்டுகிறோம். பச்சையாக இருந்த செடி வெறும் குச்சியாக நிற்கும். புதிதாக வந்த ஆள் பார்த்தால் தோட்டமே செத்துவிட்டது என்பான். நமக்குத் தெரியும், அடியில் உயிர் இருக்கிறது, புதுக் கிளை வரும் என்று. வெட்டிய செடியை வெயில் சுட்டுவிடாமல் வெட்டிய வாதுகளையே மேலே போட்டு மூடுவோம். துளிர் வந்ததும் அவசரப்பட்டுக் கை வைக்க மாட்டோம். மட்டம் வரும் வரை விட்டுத்தான் கொழுந்து எடுப்போம்.

இந்த வயதில் பிள்ளைகளின் மூளையிலும் கிட்டத்தட்ட இதுவேதான் நடக்கிறது. சின்ன வயதில் மூளைக்குள் கோடிக்கணக்கான தொடுப்புகள் உண்டாகின்றன. வளரும் வயதில், பாவிக்காத தொடுப்புகளை மூளை தானே வெட்டிக் கழிக்கிறது. அடிக்கடி பாவிக்கும் தொடுப்புகளைப் பலப்படுத்துகிறது. நான் உவமைக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் சொல்லும் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக்குச் சொல்லும் சொல்லும் ஒன்றுதான்.

இந்த வேலை மூளையின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. கோபம், பயம், ஆசை, வெட்கம் இவற்றை உணரும் பகுதி முன்னாலேயே வேகம் எடுத்துவிடுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் யோசித்து, பொறுத்து, நாளைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் பார்ப்பது. அது முழுதாக முதிர 25 வயது வரைக்கும் ஆகும். பிரேக் சரியாகப் பிடிக்காத லொறி மலைப்பாதை இறங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் உங்களுக்குச் சின்னதாகத் தெரியும் விஷயம் பிள்ளைக்கு உலகமே இடிந்தது போல இருக்கிறது. கூட்டாளி ஒருத்தி பேசாமல் போனாலே அன்றைக்குச் சோறு இறங்காது. பிள்ளை நடிக்கவில்லை. உண்மையிலேயே அவ்வளவு வலிக்கிறது.

தூக்கமும் மாறுகிறது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் தேவை. ஆனால் அவர்களின் உடம்புக் கடிகாரம் பின்னால் தள்ளிப் போகிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழும்ப முடியாது. அம்மா 4 மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டும் ஒரே காம்பராவில் அந்தப் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழும்ப முடியும்? "சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதே நேரம், போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு 12 மணி வரை பார்த்தால் இருக்கிற தூக்கமும் போய்விடும். இரவில் வீட்டில் உள்ள எல்லாப் போனும், அப்பாவின் போனும் சேர்த்து, ஒரே இடத்தில் வைத்தால் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தெரியாது.

நம் பிள்ளைகள் சுமக்கும் கூடை

வயதினால் வரும் பாரம் உலகத்தில் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. நம் பிள்ளைகளின் கூடையில் அதற்கு மேலேயும் பாரம் இருக்கிறது.

முதலாவது இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர், ஏழு பேர். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு உடுப்பு மாற்ற ஒரு மறைவு இல்லை. அழ வேண்டும் என்றால் அழக்கூட இடமில்லை. அடுத்த காம்பராவில் யார் என்ன பேசினாலும் இங்கே கேட்கும், இங்கே நடக்கும் சண்டை லயம் முழுக்கக் கேட்கும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சண்டையைப் பற்றியே பிள்ளையிடம் கேட்பார்கள். அந்த வெட்கம் எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியும்.

இரண்டாவது பரீட்சை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் தொடங்கி, சாதாரண தரம், உயர்தரம் என்று போகிறது. "நாங்க படுற பாடு உனக்கு வரக்கூடாது, படிச்சிரு" என்று நாம் அன்பினால்தான் சொல்கிறோம். பிள்ளைக்குக் கேட்பது வேறு. நான் தவறினால் அம்மாவின் கூடையை இறக்கவே முடியாது என்று கேட்கிறது. மூன்று தலைமுறையின் சுமையை ஒரு பரீட்சையின் மேல் வைத்துவிடுகிறோம்.

மூன்றாவது பிரிவு. அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், பிள்ளை பாட்டியிடம். காசு வருகிறது, போனில் முகமும் தெரிகிறது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "என்னடா, முகம் வாடியிருக்கு?" என்று கேட்க ஆள் இல்லை.

நான்காவது குடி. இதைப் பற்றி நீட்டிப் பேசப் போவதில்லை. குடித்துவிட்டு வரும் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கும் பிள்ளையின் உடம்பு, அடி விழாத நாளிலும் அடி வாங்கத் தயாராகவே இருக்கும். அப்படி இருக்கும் உடம்பு பகலில் பாடத்தைக் கேட்காது.

ஐந்தாவது அவமானம். டவுன் பாடசாலைக்குப் போகும் பிள்ளை முகவரி கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லத் தயங்குகிறது. "தோட்டத்தான்" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் தம்பியிடம் கோபத்தைக் காட்டும்.

ஆறாவது வேலை. கையில் நாலு காசு பார்க்கலாம் என்று பிள்ளைகளைக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்பும் பழக்கம் இன்னும் முழுதாக விடவில்லை. 2021இல் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக்கினார்கள். 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். தரகர் வந்து எவ்வளவு இனிப்பாகப் பேசினாலும் இந்த இரண்டையும் ஞாபகம் வையுங்கள். தெரியாத வீட்டில், பேச ஆளில்லாமல், அடைபட்டுக் கிடக்கும் பிள்ளையின் மனசுக்கு எந்தச் சம்பளமும் ஈடாகாது.

சாதாரணக் கோபமா, நோயா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயது வரையான பிள்ளைகளில் 7 பேருக்கு 1 பிள்ளை ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினையோடு இருக்கிறது. இது உலகம் முழுக்கப் பார்த்த கணக்கு. ஆகவே நம் லயத்திலும் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு நாள் மூஞ்சை நீட்டுவதும், இரண்டு நாள் பேசாமல் இருப்பதும் வயதின் குணம். கீழே சொல்பவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

தூக்கம் மிகவும் குறைந்துவிட்டது, அல்லது எந்நேரமும் தூங்குகிறது. சாப்பாடு ஒதுக்குகிறது. முன்பு ஆசையாகச் செய்த விஷயத்தை, கிரிக்கெட்டோ பாட்டோ கோலமோ, விட்டுவிட்டது. கூட்டாளிகளை ஒதுக்குகிறது. ஆஸ்பத்திரியில் காட்டியும் காரணம் தெரியாத தலைவலி, வயிற்று வலி, நெஞ்சுப் படபடப்பு திரும்பத் திரும்ப வருகிறது. பாடசாலைக்குப் போக மாட்டேன் என்கிறது. "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று பேசுகிறது.

சிலவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. உடம்பில் தானே காயப்படுத்திக்கொண்ட அடையாளம், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, தனக்குப் பிரியமான சாமான்களைத் திடீரென்று மற்றவர்களுக்குக் கொடுப்பது, இல்லாத குரல் காதில் கேட்பதாகச் சொல்வது. இவற்றைக் கண்டால் அன்றைக்கே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

சாவைப் பற்றிக் கேட்டால் பிள்ளைக்கு அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தவறு. அமைதியாக, நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிரலாம்னு எப்பயாவது தோணுதா கண்ணு? எங்கிட்ட சொல்லு, நான் திட்ட மாட்டேன்." கேட்பதால் ஆபத்து கூடாது. ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பிள்ளைக்கு மூச்சு விட இடம் கொடுக்கும். ஆமாம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள். அழுது ஊரைக் கூட்டாதீர்கள். கூடவே இருந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டில் புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கும் மருந்துகள், பெரியவர்களின் பிரஷர், சீனி வியாதி மாத்திரைகள் இருந்தால் பூட்டி வையுங்கள். முடிந்தால் கிருமிநாசினியை வீட்டுக்குள்ளே கொண்டுவரவே வேண்டாம். ஒரு உண்மையைச் சொல்கிறேன். 1995ஆம் ஆண்டளவில் நம் நாடு தற்கொலையில் உலகத்திலேயே முன் வரிசையில் இருந்தது. அதற்குப் பிறகு கொடிய நஞ்சுள்ள கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அந்த மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. அந்த ஒரு கெட்ட நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தால் நேரம் கடந்து போகும், ஆள் பிழைத்துக்கொள்வார் என்பதற்கு நம் நாடே சாட்சி.

இன்னொன்று. உயிரை மாய்க்க முயன்றவரைப் பொலிஸ் பிடிக்கும், கேஸ் போடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் மறைத்த குடும்பங்கள் உண்டு. அந்தச் சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பயப்படாமல் ஓடுங்கள்.

வீட்டில் நாம் செய்யக் கூடியது

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "நாங்க படிக்காதவங்க டீச்சர், எங்களால என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். பத்து நிமிடம் போதும். தினமும் முடியாவிட்டாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள்.

எதிரே நிறுத்தி விசாரிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். மரக்கறி வெட்டும்போது, தண்ணிக்குப் போகும்போது, விறகுக்கு நடக்கும்போது பேச்சுக் கொடுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் இருக்கும்போதுதான் இந்த வயதுப் பிள்ளை வாயைத் திறக்கும். "ஏன் இப்படி இருக்க?" என்று கேட்டால் அது குற்றச்சாட்டு. "ரெண்டு நாளா நீ சரியா சாப்பிடல, எனக்கு யோசனையா இருக்கு" என்று சொன்னால் அது அக்கறை.

பிள்ளை பேசத் தொடங்கினால் நடுவில் புத்தி சொல்லாதீர்கள். இது கஷ்டம், எனக்கும் கஷ்டம். "நாங்க படாத கஷ்டமா?" என்று ஆரம்பித்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "பக்கத்துக் காம்பராப் புள்ளையப் பாரு" என்று சொன்னாலும் முடிந்துவிடும். கேட்டு முடித்துவிட்டு, "இதுக்கு நான் ஏதும் செய்யணுமா, இல்ல கேட்டா மட்டும் போதுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கேட்டால் போதும் என்றுதான் சொல்லும்.

பிள்ளை சொன்னதை பீலிக்கரையில் சொல்லாதீர்கள். மலையில், நெரையில் நின்று சொல்லாதீர்கள். ஒரு தடவை சொன்னது லயத்துக்குத் தெரிந்துவிட்டால், இரண்டாவது தடவை அது உங்களிடம் எதையும் சொல்லாது.

தனி அறை கொடுக்க நம்மால் முடியாது. ஒரு மூலைக்கு ஒரு திரை கொடுக்கலாம். பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டி கொடுக்கலாம். அதைத் திறந்து பார்க்க மாட்டோம் என்று வாக்கும் கொடுக்கலாம்.

தகப்பன்மார்களே, உங்களிடம் தனியாகச் சொல்கிறேன். இது அம்மா வேலை என்று ஒதுங்காதீர்கள். அழும் மகனைப் பார்த்து "பொம்பளை மாதிரி அழாத" என்று சொல்லாதீர்கள். அடக்கிய அழுகைதான் பிறகு அடிதடியாகவும் குடியாகவும் வெளியே வருகிறது. கோபத்தில் கை நீட்டிவிட்டால் மறுநாள் பிள்ளையிடம், "நேத்து நான் செஞ்சது தப்புய்யா" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் அப்பாவின் மரியாதை குறையாது.

எங்கே போவது?

பிள்ளை பயந்திருக்கிறது என்று கோயிலுக்குக் கூட்டிப் போய்த் திருநீறு போடுவீர்கள், நூல் கட்டுவீர்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவும் எனக்குக் கட்டியிருக்கிறார். நூலைக் கட்டிவிட்டு அதோடு நின்றுவிடாமல் கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். காய்ச்சலுக்கு இரண்டையும் செய்கிறோமே, அதுபோல.

முதலில் பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் பேசுங்கள். உங்கள் பகுதிக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் இருக்கிறது, காசு கட்ட வேண்டியதில்லை. வீட்டிலோ வெளியிலோ பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல், தொல்லை என்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார்.

இரண்டு இலக்கங்களைச் சுவரில் எழுதி வையுங்கள். 1926, தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பிள்ளையே தனியாகவும் அழைக்கலாம்.

"கிளினிக்குக்குப் போனா பைத்தியம்னு பேர் வந்திரும், நாளைக்கு யார் பொண்ணு எடுப்பாங்க?" என்று கேட்கும் தாய்மாரின் பயம் எனக்குப் புரியும். காலத்தோடு காட்டினால் பல பிள்ளைகளுக்குப் பேச்சு வழி உதவியே போதும், மருந்துகூடத் தேவைப்படாது. மருந்து கொடுத்தாலும் டாக்டரைக் கேட்காமல் இடையில் நிறுத்தாதீர்கள். மூடி மறைத்து முற்றவிட்ட பிறகு வரும் பேரைவிட, ஆரம்பத்தில் கிளினிக்குக்குப் போன பேர் எவ்வளவோ மேல்.

சங்கத்துக்கு இதில் என்ன வேலை?

கடைசி விஷயம் இது. சம்பளம், கிலோக் கணக்கு, சேமலாபம் இவற்றைப் பேசும் சங்கம் பிள்ளையின் மனசைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று யாராவது நினைக்கலாம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா பிள்ளையின் மனசைக் கெடுக்கிறது என்றால், காணி உரிமையோடு தனி வீடு என்ற நம் கோரிக்கை மனநலக் கோரிக்கையும்தான். அதைக் கேட்கும் மேடையில், "வயதுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு கதவு வேண்டும்" என்றும் சேர்த்துக் கேளுங்கள். பிள்ளையை கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் அன்று அம்மாவின் பேர் வெட்டுப்படுகிறது. பேர் போகும் பயத்தில் கிளினிக் தள்ளிப் போகிறது. அந்த நாளுக்கு ஒரு வழி வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடம் பேசுவது சங்கத்தின் வேலை. கிளினிக்கில் பிள்ளை தன் மனசைத் தமிழில் சொல்ல முடிய வேண்டும். வயிற்று வலியைச் சைகையில் காட்டலாம், மன வலியைக் காட்ட முடியாது. தமிழில் பேசும் உளவளத்துணையாளர்களை மலையகத்துக்கு நியமியுங்கள் என்று சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்பதும் நம் வேலை. பூட்டிக் கிடக்கும் தோட்டத்து மண்டபத்தின் சாவியை வாங்கி, மாலையில் இரண்டு மணித்தியாலம் லைட் போட்டு, பிள்ளைகள் படிக்கவும் பேசவும் விடுவதற்கு யாருடைய அனுமதிக்கும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் சொன்ன பிள்ளைக்கு வருகிறேன். அன்றைக்கு அந்த லயத்தில் இருந்து நேராக நான் போனது தோட்டத் தலைவர் வீட்டுக்கு. அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. மூன்று நாள் அந்த அப்பாவோடு உட்கார்ந்து பேசினார். அடுத்த லயத்தில் இருந்த பெரியம்மா, இரவில் பிள்ளைகள் தன்னோடு படுக்கட்டும் என்றார். அம்மாவுக்குச் செய்தி போனது. நான் பிள்ளையை கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அப்பா குடியை முழுதாக விடவில்லை. அவள் முதல் தடவை கணக்கில் தவறினாள், அடுத்த வருஷம் எடுத்தாள். ஆனால் தூங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரித்தாள். ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "டீச்சர், இன்னைக்குத் தலைவலி இல்ல, சும்மா வந்தேன்" என்றாள். என் ஆசிரிய வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அதுதான்.

கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்து நாம் யாரும் திட்டுவதில்லை, பிடுங்கி எறிவதும் இல்லை. மூடிப் பாதுகாத்து, துளிர் வரும் வரை பொறுத்திருக்கிறோம். அந்தப் பொறுமை உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எப்படிடா இருக்க?" என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொல்லும். நாளை மறுநாள் திரும்பவும் கேளுங்கள்.